பெரிய திரையும் சின்னத் திரையும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் அச்சிட்டிருக்கிறோம்.)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு, சினிமாவிலிருந்தோ டி.வி. சீரியலிலிருந்தோ யாரோ வரப்போகிறார்கள் என்று இரண்டு பேர் என்னிடமே கேட்டார்கள். வரவில்லை. வந்திருப்பது மெக்கானிக்கல் பிரிவு, 1989-ஆம் வருஷ மாணவன். பேசப்போவது கம்ப்யூட்டர் மானிட்டரைப் பற்றி. ஏமாற்றத்துக்கு மன்னிக்கவும்.

காலையில் நம் பழைய குழுப் படத்தை இந்த மேடைத் திரையில் போட்டார்கள், பார்த்தீர்களா? எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாக நின்றோம். "ஹாஸ்டல் சாப்பாடு அப்படிடா!" என்று ஒருவர் சத்தம் போட்டார். அடுத்து நேற்று மாலை எடுத்த படம் வந்தது. அதிலும் ஒல்லி! என் மனைவி என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தொப்பை இருந்த இடத்திலேயே இருந்தது.

நடந்தது இதுதான். லேப்டாப் திரையில் அகலவாக்கில் 1920 புள்ளி, உயரவாக்கில் 1080 புள்ளி. அதாவது 16-க்கு 9. இந்தப் புரொஜெக்டர் பழசு. 1024-க்கு 768, அதாவது 4-க்கு 3. படம் முழுத்திரையையும் அடைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரோ புரொஜெக்டரில் வைத்துவிட்டார்கள். அது அகலத்தை மட்டும் முக்கால் பாகமாக நசுக்கிவிட்டது. உயரம் அப்படியே இருக்க, அகலம் முக்கால். நூறு கிலோ ஆசாமி கூட எடுப்பாகத் தெரிந்தார். அளவு வேறான இரண்டு திரைகளை ஒன்றோடொன்று சேர்க்கும்போது வரும் வம்புகளில் இது ஒன்று. சிரித்துவிட்டுப் போகலாம். எல்லா வம்பும் சிரிக்கும்படி இருக்காது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இதைப் பற்றி ஏன் பேச வேண்டும்? செயலாளர் ஆண்டறிக்கை வாசித்தபோது ஒரு வரி வந்தது. கணினிக் கூடத்துக்குச் சங்கம் 20 புது 24 அங்குல மானிட்டர் வாங்கித் தருகிறது. நல்ல காரியம், நானும் பணம் கொடுத்திருக்கிறேன். அடுத்த வரியில், பழைய 19 அங்குல மானிட்டர்களை "அப்புறப்படுத்துவது" என்று இருந்தது. செயலாளர் எனக்கு மூன்று வருஷம் ஒரே பெஞ்ச். அவர் அகராதியில் அப்புறப்படுத்துவது என்றால் காயலான் கடை என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வரிக்கு எதிராகத்தான் இந்த அரைமணி நேரம்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. வயதானவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

1990-இல் நான் முதல் வேலையில் சேர்ந்தது ஒரு டிசைன் ஆபீஸில். ஏ.சி. அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். அங்கே ஒரே மேஜையில் ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு மானிட்டர். ஒன்று கறுப்பில் பச்சை எழுத்து, மற்றொன்று கலர். அன்றைய ஆட்டோகாடில் படம் கலர் மானிட்டரில் இருக்கும். நாம் தட்டுகிற கட்டளையும் அது சொல்கிற பதிலும் பச்சை மானிட்டரில் ஓடும். ஒற்றை மானிட்டர் வைத்திருந்தவர்கள் படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எஃப்1 பொத்தானைத் தட்டித் தட்டி மாறிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அந்த வேலை இல்லை.

அது எப்படி முடிந்தது என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. 1981-இல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.க்கு இரண்டு விதமான கார்டுகள் இருந்தன. எழுத்துக்கு மட்டுமான மோனோக்ரோம் கார்டு ஒன்று, படத்துக்கான கலர் கார்டு ஒன்று. மோனோக்ரோம் கார்டின் நினைவகம் பி0000 என்ற முகவரியில், கலர் கார்டினுடையது பி8000 என்ற முகவரியில். ஒரே தெருவில் வேறு வேறு கதவு எண். அதனால் இரண்டையும் ஒன்றாகச் செருகினாலும் சண்டை இல்லை. ஒரே மாதிரி கலர் கார்டு இரண்டைச் செருகினால்தான் சண்டை. ஒரே கதவு எண்ணுக்கு இரண்டு குடித்தனம் ஆகிவிடும். கவனியுங்கள்: பி.சி.யில் இரட்டைத் திரை என்பது தொடங்கியதே வேறுபட்ட இரண்டு மானிட்டர்களோடுதான். ஜோடிப் பொருத்தம் பார்த்து ஒரே மாதிரி இரண்டு வாங்குவதெல்லாம் பிற்பாடு வந்த வசதி.

1987-இல் வந்த மெக்கின்டாஷ் டூவில் பல மானிட்டர்களைச் சேர்த்து ஒரே மேஜைப்பரப்பாக நீட்டலாம். விண்டோஸுக்கு அந்த வித்தை 1998-இல், விண்டோஸ் 98-ஓடு வந்தது. ஒன்பது மானிட்டர் வரை என்று சொன்னார்கள். ஒன்பதுக்கு யாரிடம் காசு, யாரிடம் மேஜை? சரி, வரலாறு போதும்.

இப்போது சிரிக்க முடியாத வம்பு.

2016. அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எனக்கு ஒரு புது லேப்டாப் கொடுத்தார்கள். 14 அங்குலம், 1920-க்கு 1080. அந்தச் சின்னத் திரையில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும் என்பதால் விண்டோஸ் தானாகவே 150 சதவீதம் பெரிதாக்கிக் காட்டும். பக்கத்தில் என்னுடைய பழைய 19 அங்குல மானிட்டர், அது 100 சதவீதத்தில். வரைபடத்தை அந்தப் பழைய மானிட்டருக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, அதைப் பார்த்து வேலைச் சீட்டை என் கையால் எழுதினேன். கன்மெட்டல் புஷ், 40 பீஸ், உள்துளை 38 மில்லிமீட்டர்.

பத்து நாள் கழித்துப் பட்டறையிலிருந்து போன். "சார், ஷாஃப்ட் உள்ளே டான்ஸ் ஆடுது சார்." போய்ப் பார்த்தால், ஷாஃப்ட் 36. வரைபடத்திலும் 36 என்றுதான் இருந்தது. நான் படித்தது 38.

இங்கே இருக்கும் மெக்கானிக்கல் ஆசாமிகளுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: துளை சின்னதாகப் போனால் மறுபடி கடைந்து பெரிதாக்கலாம். பெரிதாகப் போனால் போனதுதான். நாற்பதும் ஸ்கிராப். ஆபீஸில் முதலில் பட்டறைக்காரர் மேல்தான் பாய்ந்தார்கள். அவர் பில்லில் பிடிக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. அவர் ஒன்றும் வாதாடவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். 38. என் கையெழுத்து. கோழிக் கிறுக்கல்கூட இல்லை, அழகாகவே எழுதியிருந்தேன்.

என் கண்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கண் டாக்டரிடம் போனேன். பவர் மாறவில்லை என்றார். பிறகு, ஆபீஸில் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பையன், நம்ம கல்லூரிப் பையன் இல்லை என்பதில் எனக்குச் சின்ன வருத்தம், பக்கத்தில் வந்து நின்று, "சார், அந்த விண்டோவை லேப்டாப்புக்கு இழுங்க" என்றான். இழுத்தேன். 36 என்று பளிச்சென்று நின்றது. "இப்போ மறுபடி அந்தப் பக்கம் இழுங்க." இழுத்தேன். மங்கி, 36-ஓ 38-ஓ ஏதோ ஒன்றாக ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். திரைக்குத் திரை பெரிதாக்கும் அளவு வேறாக இருக்கலாம் என்ற ஏற்பாடு விண்டோஸில் 2013-இல், 8.1-இல்தான் வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட புரோகிராம்களுக்கு அது தெரியாது. அவை நாம் லாக்-இன் செய்யும்போது எது பிரதான திரையோ, அதற்கேற்ற அளவில் வரைந்துவிட்டுச் சும்மா இருக்கும். அந்த விண்டோவை வேறு அளவுள்ள திரைக்கு இழுத்தால், விண்டோஸ் என்ன செய்யும்? ஏற்கெனவே வரைந்ததை ஒரு போட்டோ மாதிரி எடுத்துச் சுருக்கியோ இழுத்தோ ஒட்டும். 150-இலிருந்து 100-க்குப் போனால், மூன்று புள்ளியில் இருந்ததை இரண்டு புள்ளிக்குள் திணிக்க வேண்டும். மூணு பேர் சீட்டில் உட்கார்ந்தவர்களை ரெண்டு பேர் சீட்டில் உட்கார வைத்தால் யார் கை எது என்று தெரியுமா? ஆறின் வாய் மூடி எட்டாகிவிட்டது.

அந்த நாற்பது புஷ்ஷுக்கும் காசு நான் கொடுத்தேன். பட்டறைக்காரர் வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன். மாணவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: அளவு படிக்கிற புரோகிராமை எந்தத் திரையில் திறந்து வைக்கப்போகிறீர்களோ, அந்தத் திரையைப் பிரதான திரையாக வைத்துவிட்டு, ஒருமுறை லாக்-அவுட் செய்து உள்ளே வாருங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் விண்டோவை மற்ற திரைக்கு இழுத்துப் பாருங்கள். புதிய புரோகிராம்களில் பெரும்பாலானவை இதைச் சரியாகக் கையாள்கின்றன. கல்லூரி லேபில் பழசு எப்போதும் ஒன்று இரண்டு இருக்கும்.

அப்போ பழைய மானிட்டர்தானே வில்லன், தூக்கிப் போட வேண்டியதுதானே என்று செயலாளர் முகம் மலர்வதைப் பார்க்கிறேன். பொறுங்கள் சார். வில்லன் மானிட்டர் இல்லை, பொருத்தம் பார்க்காமல் சேர்த்து வைத்தது. இனிமேல் பொருத்தம் பார்ப்போம்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் என்பார்கள். மானிட்டருக்கு இரண்டு பார்த்தால் போதும். ஒன்று, அங்குலத்துக்கு எத்தனை புள்ளி. இரண்டு, மேஜைமேல் நிற்கும் உயரம். திரையின் அங்குல அளவும் தெரியணும், புள்ளிக் கணக்கும் தெரியணும். ஒன்றை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கணக்கு சுலபம், கணக்கு சார் கோபிக்காமல் இருந்தால் இங்கேயே போடுகிறேன். அங்குலம் என்று கடைக்காரர் சொல்வது மூலைக்கு மூலை. ஆகவே புள்ளியையும் மூலைக்கு மூலை எண்ண வேண்டும். பித்தகோரஸ். 1600-க்கு 1200 புள்ளி உள்ள பழைய 20 அங்குல மானிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 3, 4, 5 முக்கோணம்; மூலைக்கு மூலை சரியாக 2000 புள்ளி. 20 அங்குலத்தால் வகுத்தால் அங்குலத்துக்கு 100. எவ்வளவு அழகான மானிட்டர் பாருங்கள்.

இனி நம் கதைக்கு வருவோம். சங்கம் வாங்கப்போகும் 24 அங்குலம், 1920-க்கு 1080. மூலைக்கு மூலை 2203 புள்ளி. அங்குலத்துக்கு ஏறக்குறைய 92. ஸ்டோர் ரூமில் கிடக்கும் 19 அங்குலம், 1280-க்கு 1024. மூலைக்கு மூலை 1639; அங்குலத்துக்கு 86. தொண்ணூற்றிரண்டும் எண்பத்தாறும். இரண்டையும் 100 சதவீதத்தில் வைத்தால், ஒரே எழுத்து பழையதில் நூற்றுக்கு ஏழு பங்கு பெரிதாகத் தெரியும். அவ்வளவுதான். மங்கலும் வராது, பெரிதாக்குகிற வம்பே இல்லை.

உயரம்? 24 அங்குலத்தின் உயரம் 11.8 அங்குலம். பழைய 19-இன் உயரம் 11.9. இதைக் கணக்கிட்டுப் பார்த்த ராத்திரி எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வேறு வேறு காலத்தில் வேறு வேறு வடிவத்தில் செய்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் தோளோடு தோள் நிற்கும். அகலத்தில்தான் வித்தியாசம்: பெரியது 21 அங்குலம், சின்னது 15. இருக்கிற ஜோடியை விட்டுவிட்டு எங்கேயோ பெண் தேடுகிறோம்.

ஒரு சங்கடம் உண்டு, மறைக்க மாட்டேன். உயரவாக்கில் 1080-க்கும் 1024-க்கும் 56 புள்ளி வித்தியாசம். மௌஸ் பெரியதிலிருந்து சின்னதுக்குப் போகும்போது அந்த 56 புள்ளி உயரத்துக்குச் சுவர். அங்கே முட்டி நிற்கும். டிஸ்ப்ளே செட்டிங்கில் இரண்டு பெட்டிகள் தெரியும், 1, 2 என்று. மேல் விளிம்பை ஒட்டினால் சுவர் கீழே வரும். கீழ் விளிம்பை ஒட்டினால் மேலே வரும். நான் எப்போதும் கீழ் விளிம்பைத்தான் ஒட்டுவேன். காரணம், விண்டோவை மூடும் குறி வலது மேல் மூலையில் இருக்கிறது. மௌஸை வேகமாக அந்த மூலைக்கு எறிந்தால், சுவர் பிடித்துக்கொள்ளும். சுவர் இல்லாவிட்டால் தாண்டிப் பக்கத்துத் திரைக்குப் போய்விடும். விண்டோவைத் தலையைப் பிடித்து இழுத்துப் போகும்போது மட்டும் கொஞ்சம் இறக்கி இழுக்கணும். விண்டோஸ் 11-இல் மௌஸ் இந்தச் சுவரைத் தடங்கலில்லாமல் தாண்ட ஒரு வசதி இருக்கிறது; வேண்டாமென்றால் அதை எடுத்துவிடலாம்.

இதையே 27 அங்குல 4கே மானிட்டரோடு செய்து பார்த்தால் வித்தியாசம் புரியும். அதன் உயரம் 13.2 அங்குலம், கண்ணுக்கு நம் 24-ஐவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆனால் புள்ளி உயரவாக்கில் 2160. விண்டோஸ் மௌஸ் புள்ளியைத்தான் எண்ணும், அங்குலத்தை எண்ணாது. கண்ணுக்குச் சமம், மௌஸுக்குப் பாதி! பாதி விளிம்பு சுவர். எழுத்தைச் சமமாக்க 4கே-யை 175 சதவீதத்தில் வைக்கலாம். 163 வகுத்தல் 1.75, 93 வரும், நம் 92-க்கு ஒத்துப்போகும். ஆனால் பழைய புரோகிராம் இருந்தால் என் புஷ் கதை மறுபடி ஆரம்பிக்கும். "சார், கூடக் கொஞ்சம் பணம் போட்டு 4கே வாங்கலாமே" என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். பழைய மானிட்டரோடு சேர்த்துப் பயன்படுத்துவதானால் வேண்டாம் என்பதே என் கட்சி.

பொருத்தத்துக்கு ஓர் உதாரணம் மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன், எனக்குப் பிடித்தமானது. ஒரு காலத்தில் 30 அங்குல மானிட்டர் வந்தது, 2560-க்கு 1600. அதன் இரு பக்கமும் சற்றுமுன் சொன்ன 20 அங்குல 1600-க்கு 1200-ஐச் செங்குத்தாகத் திருப்பி நிறுத்துவார்கள். திருப்பினால் அதன் உயரம் 1600 புள்ளி. நடுவில் உள்ளதற்கும் 1600 புள்ளி. அங்குலத்துக்கு 100 இதற்கு, 100.6 அதற்கு. மேஜையில் 16 அங்குலம் இது, 15.9 அது. கோயில் கருவறையும் இரு பக்கத் துவாரபாலகர்களும் மாதிரி நிற்கும். ஒரே அளவில் மூன்று வாங்கியவர்களுக்கு இந்த அழகு கிடைக்காது.

அதைக் கேட்டுவிட்டு நம் 19-ஐத் திருப்பி நிறுத்தலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அந்தக் காலத்து மலிவான எல்.சி.டி.களில் பெரும்பாலானவை டி.என். வகை. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் சுமாராகத் தெரியும். கீழிருந்து பார்த்தால் நிறம் தலைகீழாகும். அதைச் செங்குத்தாகத் திருப்பினால் அந்தக் கோளாறு இடவலமாக வந்துவிடும். இடது கண்ணுக்கு ஒரு சாயல், வலது கண்ணுக்கு ஒரு சாயல். பத்து நிமிஷத்தில் தலைவலி. எழுத்தின் ஓரத்தை வழவழப்பாக்க விண்டோஸ் செய்யும் தந்திரமும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பக்கவாட்டில் அடுக்கியிருப்பதை நம்பித்தான் நடக்கிறது; திருப்பினால் அதுவும் கெடும்.

நிறப் பொருத்தம் முழுதாக வராது. வீட்டு ஹாலில் ஒரு டியூப்லைட் புதுசு, ஒன்று பழசு என்றால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். பழைய மானிட்டருக்குள்ளே இருப்பதும் ஒருவகைக் குட்டி டியூப்லைட்தான். வயதாக ஆக மங்கி மஞ்சளடிக்கும். புதியதன் வெளிச்சத்தைக் குறைத்துப் பழையதற்குச் சமமாக்குங்கள். பழையதைக் கூட்டிப் புதியதற்குச் சமமாக்க நினைக்காதீர்கள், அதற்குத் தெம்பு இருக்காது. படம், போஸ்டர், நிறம் முக்கியமான எதையும் புதியதில் பாருங்கள். எழுத்து, கோடு, எர்ரர் மெசேஜ் இவற்றுக்குப் பழையது தாராளம்.

மாணவர்களில் பலர் சொந்த லேப்டாப் கொண்டு வருகிறார்கள். 15.6 அங்குலம், 1920-க்கு 1080 என்றால் அங்குலத்துக்கு 141. அதை 24-இன் பக்கத்தில் வைத்தால் என்ன செய்வது? இரண்டு வழி. 150 சதவீதம் வைத்தால் 94 ஆகிவிடும், சமதூரத்தில் வைக்கலாம். இல்லை, 100-லேயே இருக்கட்டும் என்றால் தூரத்தால் சரிசெய்யலாம். லேப்டாப் கண்ணிலிருந்து 18 அங்குலம், மானிட்டர் 28 அங்குலம். பெருக்கிப் பாருங்கள்: 141 பெருக்கல் 18, 2538. 92 பெருக்கல் 28, 2576. கண்ணுக்கு எழுத்து ஒரே அளவு. மேஜையில் லேப்டாப்பை முன்னால் இழுத்து, மானிட்டரைப் பின்னால் தள்ளினால் போதும், செட்டிங் எதையும் தொட வேண்டாம். இளம் கண்களுக்கு மட்டும்தான் இது. என் வயதுக்காரர்கள் முயற்சி செய்யாதீர்கள்.

நம்ம வயதுக்காரர்களுக்கு வேறு ஒன்று சொல்கிறேன். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு, அல்லது சற்றே கீழே இருக்கட்டும் என்பார்கள். பைஃபோக்கல் போட்டவர்கள் இன்னும் இறக்குங்கள். இல்லாவிட்டால் கீழ்க் கண்ணாடி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து போய்விடும். நான் இரண்டு வருஷம் ஒரே அளவுள்ள இரண்டு மானிட்டரை நேர் எதிரே சமமாக வைத்து உட்கார்ந்திருந்தேன். மூக்குக்கு நேரே இரண்டின் சட்டமும் சேரும் கறுப்புக் கோடு. நாள் முழுக்கத் தலை ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். பெரியது நேரே, சின்னது ஒரு பக்கம் கொஞ்சம் உள்சாய்வாக என்று மாற்றிய பிறகுதான் கழுத்துப் பட்டையைக் கழற்றினேன். வேறு அளவு என்பதில் இந்த நன்மை உண்டு. எது பிரதானம், எது துணை என்று மேஜையைப் பார்த்தாலே தெரியும்.

கேபிள் விஷயம் சுருக்கமாக. 19-இன் முதுகில் நீல நிற வி.ஜி.ஏ. மட்டுமா, பக்கத்தில் வெள்ளை டி.வி.ஐ. துவாரமும் உண்டா என்று முதலில் பாருங்கள். டி.வி.ஐ. இருந்தால் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வெறும் கேபிளே போதும், படமும் கூர்மை. வி.ஜி.ஏ. மட்டும் என்றால் சிக்னலையே மாற்றித்தரும் கன்வெர்ட்டர் வேண்டும். சாதாரண இணைப்புக் கேபிள் என்று மலிவாகக் கிடைப்பதை வாங்கி ஏமாறாதீர்கள். மாட்டிய பிறகு மானிட்டரில் ஆட்டோ பொத்தானை ஒருமுறை அழுத்த மறக்காதீர்கள்.

செயலாளர் ஒரு கேள்வி கேட்பார், எனக்குத் தெரியும். கரண்ட் பில்? பழையது ஒன்று சுமார் 35 வாட் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஏறக்குறைய ஒரு யூனிட். ஒரு மானிட்டருக்கு வாரம் ஒரு யூனிட். இது செலவில்லை என்று சொல்லவில்லை. செலவுதான். அதற்கு எதிரே என்ன கிடைக்கிறது என்றால், இடது பக்கம் பாடக் குறிப்பு, வலது பக்கம் புரோகிராம். அது ஓடி வரும் விடையைப் பார்க்க எழுதியதை மறைக்க வேண்டாம். 1990-இல் அந்தப் பச்சைத் திரை எனக்குத் தந்தது அதுதான். ஓரத் திரையில் கிரிக்கெட் ஓடும் என்பதும் எனக்குத் தெரியும், தம்பிகளா. நாங்கள் டிரான்சிஸ்டர் வைத்திருந்தோம்.

இன்னொன்று. அந்தக் குட்டி டியூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது. காயலான் கடையில் சுத்தியலால் உடைத்துச் செம்பை எடுப்பவர் கையுறைகூடப் போட்டிருக்க மாட்டார். ஓடாதவற்றை மின்னணுக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஓடுகிறவற்றுக்கு ஏன் அந்த முடிவு?

நேற்று மாலை ஸ்டோர் ரூம் சாவியை லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் கெஞ்சி வாங்கினேன். 22 மானிட்டர் இருக்கிறது. ஒரு பவர் கார்டை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 15 எரிந்தது. 2-இல் கோடு விழுகிறது. 5 செத்துவிட்டது. அந்தப் பதினைந்தில் டி.வி.ஐ. உள்ளவை 9, அதுவரை கேபிள் செலவுதான். மீதி ஆறுக்குக் கன்வெர்ட்டர் என் செலவு. இரண்டின் ஸ்டாண்ட் உடைந்திருக்கிறது, ஆனால் முதுகில் 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நாலு ஸ்க்ரூ துளை நன்றாக இருக்கிறது. தாங்கியை நம் வொர்க்ஷாப் பையன்களே செய்துவிடலாம், துளை அளவை மட்டும் என்னிடம் கேட்காமல் நேரே அளந்துகொள்ளுங்கள்.

தீர்மானத்தில் "அப்புறப்படுத்துவது" என்ற வார்த்தைக்குப் பதிலாக "சோதித்து, ஓடுபவற்றைப் புதியவற்றோடு இணைப்பது" என்று திருத்தம் கொண்டுவருகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். அதோ, பின்வரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்குகிறாள். அம்மா, உனக்கு இன்னும் ஓட்டு இல்லை. ஆனாலும் செயலாளர் அந்தக் கையைப் பார்த்தார் என்பதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளட்டும். நாளைக் காலை எட்டு மணிக்கு லேப் திறந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். நட்சத்திரத் தலை வேண்டும், நடுத்தர சைஸ். சாப்பாட்டு மணி அடிக்கிறது.